பொதுப்பெயரும் வணிகப்பெயரும்: இலங்கையின் மருந்துக் கொள்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருந்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1928இல் அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தமையும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டமையும் யாவரும் அறிந்தவை. ஆயின், ஆய்வுகூடத்திற் பிறந்த மருந்து நோயாளியை எவ்வாறு சென்றடைகின்றது, அதன் விலையை நிர்ணயிப்போர் யாவர் என்னும் வினாக்கள் மருத்துவத்துள் மட்டும் அடங்குவன அல்ல. அவை சமூகத்தைப் பற்றிய வினாக்களுமாகும். இவற்றுக்கு விடைகாண முயன்ற நாடுகளுள் இலங்கை ஒரு முன்னோடியாகும்.

ஒரே மருந்து இருவகைப் பெயர்களால் வழங்குவதே இப்பிரச்சினையின் வேர் எனலாம். பரசிற்றமோல் என்பது மருந்தின் பொதுப்பெயர். பனடோல் என்பது அம்மருந்துக்கு இடப்பட்ட வணிகப்பெயர். பொதுப்பெயரால் எழுதப்படும் மருந்தைத் தரமாக உற்பத்தி செய்யும் எவரிடமும் வாங்கலாம். வணிகப்பெயரால் எழுதினாலோ தெரிவு ஒரு பண்டத்துடன் நின்றுவிடுகின்றது. விளம்பரச் செலவும் நோயாளியின் தலையிலேயே விழுகின்றது.

இதனை நன்குணர்ந்தவர் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கிய இவர், 1950களின் இறுதியிலேயே அரச வைத்தியசாலைகளுக்குரிய மருந்துகளைத் தெரிந்து வரையறுக்கும் பணியில் முன்னின்றார். 1971இல் அவரும் மருத்துவரும் அரசியற் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் இணைந்து சமர்ப்பித்த அறிக்கையின் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதற் தலைவரானார். தனியார் துறையில் வழங்கிய 2,000க்கு மேற்பட்ட மருந்துகள் ஏறத்தாழ 600ஆகக் குறைக்கப்பட்டன. சர்வதேசக் கேள்விப்பத்திரங்கள் மூலம் மலிவான மருந்துகள் தேடப்பட்டன; இறக்குமதி படிப்படியாகக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது; பொதுப்பெயர் வழக்கு ஊக்குவிக்கப்பட்டது.

எதிர்ப்பும் எழாமலில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தம் சந்தையை இழக்க விரும்பவில்லை. மலிவான மருந்து தரமானதாகுமா என மருத்துவர் சிலர் ஐயுற்றனர். முன்னையது இலாபம் பற்றிய அச்சம். பின்னையதோ நியாயமான வினா. தரப் பரிசோதனை வலுப்பெறாதவிடத்துப் பொதுப்பெயர்க் கொள்கை மக்களின் நம்பிக்கையைப் பெறுதல் அரிது.

1977இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தின் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. தனியார் இறக்குமதி மீண்டும் பெருகியது. அவ்வாண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவிற் காலமானார். அதே ஆண்டிலேயே உலக சுகாதாரத் தாபனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டமை கருதத்தக்கது. தாயகத்தில் தளர்ந்த எண்ணம் உலகின் கொள்கையாக உருப்பெறலாயிற்று. 1982இல் வங்காளதேசமும் அத்தகைய கொள்கையொன்றை வகுத்தது.

இலங்கையில் மருந்து ஒழுங்குபடுத்தலுக்கெனத் தனி அதிகாரசபையொன்றை நிறுவும் சட்டம் 2015இலேயே நிறைவேறியது. எனினும், 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது வைத்தியசாலைகள் இன்றியமையா மருந்துகளுக்கே தவித்தன. சட்டம் மட்டும் மருந்தைக் கொணராது என்பதை அந்நெருக்கடி உணர்த்தியது. தேவையறிந்து தெரிதல், தரமறிந்து வாங்கல், இயன்றவற்றை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்தல் ஆகிய மூன்றும் ஒருங்கிணைதல் வேண்டும்.

வருங்காலம் புதிய மருந்துகள் பலவற்றை நல்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், வாங்க இயலாத நோயாளிக்கு அவை இல்லாதனவே. மருந்து பண்டமா, உரிமையா என 1971இல் எழுந்த வினா இன்றும் விடைக்குக் காத்திருக்கின்றது.