எல்லையில் இரு நாட்காட்டிகள்: பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் காலக்கணக்கு

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை ஓடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று பிரிந்தது நிலம் மட்டுமன்று. அதுவரை ஒரே ஆட்சியின் கீழ் அருகருகே வழங்கிய இரண்டு காலக்கணக்குகள், இரண்டு மாநிலங்களின் அச்சு நாட்காட்டிகளாகப் பிரிந்தன.

பொ.ஆ. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு தென்பகுதியில் சிங்ஙம் முதல் நாளிலும் வடமலபாரில் கன்னி முதல் நாளிலும் பிறக்கிறது. தமிழ்க் கணக்கிலோ ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. பிரபவ முதலான அறுபது பெயர்கள் சுழன்று வருகின்றன. இரண்டும் சூரிய நாட்காட்டிகளே. மேடமும் சித்திரையும், சிங்ஙமும் ஆவணியும் ஒரே மாதங்களே. பெயரிடும் முறை மட்டும் வேறு: மலையாளம் சூரியன் நிற்கும் இராசியால் மாதத்தை அழைக்கிறது, தமிழ் பௌர்ணமியை ஒட்டிய விண்மீனால் அழைக்கிறது.

அப்படியானால் இரண்டையும் இணைப்பது எளிதன்றோ? பெயருக்குப் பெயர் மாற்றினால் போதாதா? போதாது. சிக்கல் சங்கராந்தி விதியில் உள்ளது. சூரியன் இராசி மாறும் கணம் சூரிய மறைவுக்கு முன் வந்தால் தமிழ் மாதம் அன்றே பிறக்கும். மலையாள முறையில் அக்கணம் பகலின் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 18 நாழிகை, கழிவதற்குள் வரவேண்டும். காலை ஆறு மணிக்குக் கதிர் எழுவதாகக் கொண்டால் அவ்வெல்லை பிற்பகல் 1.12. அதற்குப் பின்னும் அந்திக்கு முன்னும் சங்கராந்தி நிகழ்ந்தால் களியக்காவிளையில் மாதம் பிறந்துவிடும். பாறசாலையில் மறுநாள்தான் பிறக்கும். 2023இல் மேட சங்கராந்தி பிற்பகலில் வந்தது. சித்திரை 1 ஏப்ரல் 14ஆகவும், மேடம் 1 ஏப்ரல் 15ஆகவும் அமைந்தன.

மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இவ்விதிகளையெல்லாம் தொகுத்து 1955இல் அறிக்கை அளித்தது. அதன் விளைவான தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் அது இடம்பெற்றது; கோயில் கொடியேற்றத்தையும் திருமண நாளையும் அது தொடவில்லை.

இன்று இதே சிக்கல் கணினியில் மீண்டும் எழுகிறது. இணைய நாட்காட்டியையும் மேசைக் கணினியின் நாட்காட்டிச் செயலியையும் ஒத்திசைக்க 1998இல் ஐகேலண்டர் தரமும் 2007இல் கால்டாவ் நெறிமுறையும் வெளிவந்தன. ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி அடையாளக் குறி உண்டு. குறி ஒன்றானால் நிகழ்வு ஒன்று. ஆனால் 'ஆண்டுதோறும்' என்று ஒருவர் குறிக்கும்போது செயலி கொள்வது கிரிகோரிய ஆண்டையே. தாத்தாவின் திதியோ குலதெய்வக் கொடை நாளோ அதில் அடங்குவதில்லை. 2015இல் வெளியான ஆர்.எஃப்.சி. 7529 பிற நாட்காட்டிகளின்படி நிகழ்வுகள் மீள வருவதற்கு வழி வகுத்தது. எனினும் எந்த நாட்காட்டி என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த ஊரின் விதி என்றும் சொல்ல வேண்டும்.

இதற்கான விடையின் வித்து பாறசாலைக்கு அருகிலேயே கிடைத்துள்ளது. முஞ்சிறையை அடுத்த பார்த்திபசேகரபுரம் சாலையை நிறுவிய ஆய் அரசன் கோக்கருநந்தடக்கனின் செப்பேடு, தன் நாளைக் கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த 14,49,087 நாட்களாக எண்ணிச் சொல்கிறது. அது பொ.ஆ. 866ஆம் ஆண்டைக் குறிக்கும். அப்போது கொல்லம் ஆண்டு பிறந்து நாற்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. மாதப் பெயரும் சங்கராந்தி விதியும் மாறினாலும் நாள் எண்ணிக்கை மாறாது. இன்றைய நாட்காட்டி நிரல்களும் ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிய எண்ணையே நடுவில் வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன.

ஆகவே ஒத்திசைவு என்பது ஒரு கணக்கை மற்றொன்றுக்குள் கரைப்பதன்று. 2023இன் சித்திரை 1ஐயும் மேடம் 1ஐயும் இரட்டைப் பதிவெனக் கருதி ஒன்றை நீக்கும் செயலி, பிழையைத் திருத்தவில்லை. ஓர் ஊரின் வழக்கை அழிக்கிறது. நாள் எண் பொதுவாக இருக்கட்டும். அதற்குப் பெயர் சூட்டும் உரிமை எல்லையின் இருபுறத்தாருக்கும் இருக்கட்டும்.