பணிவு என்ற அளவீடு: கெடா தோட்டப்புற மனத்தை ஆய்வுலகம் அறிந்த வரலாறு

1905ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில் கோலாலம்பூர் மனநோய் இல்லத்தில் இருந்தவர்களை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் ஒரு வார்டுக்கும் இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் எதிர் வார்டுக்கும் போனார்கள். இரு வார்டுகளுக்கும் சாப்பாடு ஒன்றே. அரிசி மட்டும் வேறு. ஒரு சாராருக்கு வழக்கம்போல் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி, மறு சாராருக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. பெரிபெரி நோய் அந்த இல்லத்தை வாட்டிய காலம் அது. சோதனையை நடத்திய மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர், அரிசிதான் காரணம் என்ற கருத்தை நம்பியவரல்லர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர்தான் அதை வற்புறுத்திவந்தார். பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே நோய் பரவியபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களுக்கு அது வராததைப் பிராடன் கவனித்திருந்தார். நோய் கட்டடத்திலேயே தொற்றியிருக்கலாம் என்ற ஐயத்தைத் தீர்க்க ஃபிளெட்சர் இடையில் இரு குழுக்களையும் வார்டு மாற்றினார். ஓராண்டு முடிந்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 120 பேர் இருந்திருந்தனர். பச்சரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசிப் பக்கத்தில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. 1907இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. அந்த மனிதர்களில் எவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே இந்தச் சோதனையை நினைவுகூர வேண்டும்.

சம்மதம் பற்றிய இந்தக் கறையைத் தள்ளிவைத்து முறையை மட்டும் பார்த்தால், உளவியல் மாணவர் முதல் பருவத்தில் படிக்கும் பாடங்களில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது: ஒப்பீட்டுக் குழு, ஆய்வாளரின் விருப்பு வெறுப்பு புகாத பகிர்வு, மாற்று விளக்கம் ஒன்றை முன்கூட்டியே ஊகித்து அதை விலக்க எடுத்த நடவடிக்கை, தன் நம்பிக்கைக்கு எதிரான முடிவை ஏற்கும் மனம். ஆக, ஒரு கூற்றை எப்படிச் சோதிப்பது என்பது மலாயாவில் அன்றைக்கே தெரிந்திருந்தது. தமிழர்களின் சோற்றைப் பற்றிய கூற்றுக்குச் சான்று கேட்கப்பட்டது. அதே காலத்தில், அதே ஆட்சியில், அதே தமிழர்களின் மனத்தைப் பற்றி இன்னொரு கூற்று தோட்டத்துரைகளின் பேச்சிலும் எழுத்திலும் அதிகாரிகளின் கோப்புகளிலும் புழங்கியது: தென்னிந்தியத் தமிழர் இயல்பிலேயே பணிவானவர், சொன்னதைச் செய்பவர், கேள்வி கேட்காதவர். இதை எவரும் சோதிக்கவில்லை. ஆனால் கூலியும் ஆள்சேர்ப்பும் லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் வாழ்க்கையும் இதை நம்பியே வகுக்கப்பட்டன. தோட்டப்புறத் தமிழரைப் பற்றிய ஆய்வுகளின் அடிப்படைக் குறை மாதிரியின் சிறுமையோ எண்ணிக்கையின் போதாமையோ அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். மேலாளின் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வெளிப்பட்ட சொல்லையும் செயலையும் மனத்தின் அளவீடாக எடுத்துக்கொண்டதே அந்தக் குறை. அது ஆய்வுலகத்துக்கு உறைத்த வரலாற்றில் கெடாவுக்கு ஒரு தனி இடம் உண்டு.

1909இல் கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் செல்வாக்கின் கீழ் வந்தது. கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங், குருண் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பரவின. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோரைக் கங்காணிகள் தங்கள் ஊர்களிலிருந்தும் சாதிசனத்திலிருந்தும் பொறுக்கி எடுத்து அழைத்துவந்தார்கள். வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நாளும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது; ஆகவே ஆட்கள் அடங்கியிருப்பதில் அவருக்கு நேரடி ஆதாயம் இருந்தது. முரண்டு பிடித்தவருக்கு வேலை போகும். வேலையோடு வீடும் போகும், ஏனெனில் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். இந்தச் சல்லடையில் தேறி நின்றவர்களைத்தான் துரை விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டில் வரிசையாகப் பார்த்தார். அவர் பார்த்தது பொய் என்று சொல்லவில்லை. அந்த வரிசையில் பணிவு இருந்தது உண்மைதான். அடங்காதவர் முன்பே நீக்கப்பட்டுவிட்ட மாதிரியைக் கொண்டு ஒரு மக்களின் இயல்பைக் கணிக்க முடியாது என்பதே குறை. வெளியிலிருந்து வந்த விசாரணைகளும் இந்த வேலியைத் தாண்டவில்லை. 1917இல் இந்தியத் தொழிலாளரைப் பற்றி மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் இருவரும் எழுதிய அறிக்கை வந்தது. 1937இல் வெளிவந்த சீனிவாச சாஸ்திரியின் அறிக்கை சில வாரச் சுற்றுப்பயணத்தின் விளைவு. தோட்டம் தனியார் நிலம். அங்கே யாரைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பேசுவது என்பதெல்லாம் அந்த உண்மைக்கு உட்பட்டே நடந்தன. சாஸ்திரியின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவர் நேர்மையாக இருப்பதால் அவருக்குக் கிடைத்த தரவு ஏற்புடையதாகிவிடாது.

இந்த அளவீட்டை முதலில் உடைத்தவர்கள் தொழிலாளர்களே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தம் பரவியது. இராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். அவர்களுடைய கோரிக்கைகளில் சீனருக்கு நிகரான கூலி இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது இருந்தது. இன்னொன்றும் இருந்தது: துரையோ எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். ஆய்வு முறையியல் நோக்கில் இந்தக் கோரிக்கை அந்தப் பட்டியலிலேயே மிக முக்கியமானது என்பேன். சைக்கிளிலிருந்து இறங்குவது கண்ணால் பார்க்கக்கூடிய, எண்ணக்கூடிய செயல். நூறு துரைகள் நூறு தோட்டங்களில் எண்ணியிருந்தாலும் ஒரே விடை வந்திருக்கும்; நம்பகத்தன்மையில் குறையே இருந்திருக்காது. அந்தச் செயல் எதை அளக்கிறது என்பதுதான் கேள்வி. துரையின் கணக்கில் அது மரியாதை. இறங்கியவரின் கணக்கில் அது வேலையும் வீடும் பறிபோகாமல் இருப்பதற்குச் செலுத்திய விலை. 1955இல் லீ குரோன்பாக், பால் மீல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர், கண்ணுக்குத் தெரியாத மனப்பண்பு ஒன்றை ஓர் அளவுகோல் உண்மையிலேயே அளக்கிறதா என்று சோதிக்கும் நெறியை வகுத்தார்கள். அதற்குக் கருத்தாக்க ஏற்புடைமை என்று பெயர். அவர்கள் அதை எழுதுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே கிள்ளான் தொழிலாளர்கள் அதே கேள்வியை ஒரு கோரிக்கையாக எழுப்பிவிட்டார்கள்.

போருக்குப் பின் கெடாவில் நடந்தது இன்னும் தெளிவான சான்று. பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவானது. இளைஞர்கள் அணிவகுப்புப் பயிற்சி எடுத்தார்கள், கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள், லயங்களில் ஒழுங்கைத் தாங்களே நிலைநாட்டினார்கள். இயக்கம் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது. 1947இன் முற்பகுதியில் காவல்துறையோடு மோதல்கள் நடந்து உயிர்கள் பலியாயின, பலர் கைதாயினர். இதற்கு ஓர் எதிர்வாதம் அன்றே எழுந்தது, இன்றும் கேட்கிறது. இந்திய தேசிய இராணுவத்தின் தாக்கமும் இடதுசாரித் தொழிற்சங்கங்களின் தூண்டுதலும் சேர்ந்து விளைவித்ததே இது; தோட்டத் தமிழரின் இயல்பு மாறவில்லை என்பது அந்த வாதம். வெளித்தாக்கம் இருந்ததை மறுப்பதற்கில்லை. அணிவகுப்புப் பயிற்சியே அதற்கு அடையாளம். ஆனால் இந்த வாதத்தின் தருக்கத்தைக் கவனிக்க வேண்டும். அடங்கியிருந்தால் அது இயல்பு, எதிர்த்தால் அது தூண்டுதல் என்றால், எந்த நிகழ்வு நடந்தால் அந்தக் கூற்று தவறு என்று ஒப்புக்கொள்வார்கள்? எதுவுமே அதைப் பொய்யாக்க முடியாதென்றால் அது ஆய்வுக் கூற்றாக நிற்காது. ஃபிளெட்சரின் சோதனையில் புழுங்கல் அரிசி உண்டவர்களும் அதே அளவில் இறந்திருந்தால் பிராடனின் கருத்து விழுந்திருக்கும். பணிவைப் பற்றிய கூற்றுக்கு அப்படி விழக்கூடிய ஓர் இடத்தை எவரும் வைக்கவில்லை. சூழல் மாறியவுடன் நடத்தையும் மாறியது என்பதை இந்த எதிர்வாதம் செய்தவர்களே ஒப்புக்கொண்டதால், அந்தப் பண்பு ஆட்களிடத்தில் இருந்ததா, அமைப்பில் இருந்ததா என்ற கேள்விக்கும் அவர்களே பாதி விடை சொல்லிவிட்டார்கள்.

சமூகவியலாளர் சையத் உசேன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட, 'சோம்பேறிச் சுதேசி' என்ற கட்டுக்கதையைப் பற்றிய நூல் இந்த விடையின் மறுபாதியைத் தருகிறது. தோட்ட வேலைக்கு வர மறுத்த மலாய்க்காரர் சோம்பேறி ஆனார். வந்த தமிழர் பணிவானவர் ஆனார். இரண்டு பட்டங்களும் ஒரே அளவுகோலால், அதாவது முதலாளிக்கு எவ்வளவு பயன்பட்டார் என்பதால் வழங்கப்பட்டவை. இனத்துக்கு ஒரு குணம் என்று இன்றும் வாய் கூசாமல் பேசுகிறவர்கள் படிக்க வேண்டிய நூல் அது.

மேலாளின் பார்வைக்கு அப்பாலும் காதுகொடுத்த ஆய்வு ஒன்று கெடாவிலேயே நடந்தது. குருணிலிருந்து ஜெராய் மலையைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனால் யான் வட்டாரம். மூடா பாசனத் திட்டத்தின் நெல்வயல்கள் அங்கே விரிகின்றன. அந்தச் சமவெளியில் எழுபது சொச்சம் குடும்பங்கள் கொண்ட ஒரு மலாய்க் கிராமத்தில் ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை தங்கி ஆய்வு செய்தார். ஊருக்கு 'செடாக்கா' என்று புனைபெயர் சூட்டி, 1985இல் நூலை வெளியிட்டார். அறுவடை இயந்திரம் வந்து கூலியாட்களின் பிழைப்பைப் பறித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஏழைகள் பணக்காரர் முன்னிலையில் பேசியதையும் தங்களுக்குள் பேசியதையும் ஸ்காட் தனித்தனியே பதிவு செய்து ஒப்பிட்டார். முகத்துக்கு நேரே மரியாதை. முதுகுக்குப் பின்னால் கஞ்சன், இரக்கமற்றவன் என்ற ஏச்சு. இயந்திரத்தை அமர்த்திய நில உரிமையாளருக்கு நாற்று நடப் போகாமல், வெளிப்படையாக மறுக்கவும் செய்யாமல் தட்டிக்கழித்தார்கள் பெண்கள். இவ்வளவையும் ஒரே ஒரு வினாத்தாளோடு போயிருந்தால் ஸ்காட் பார்த்திருக்க முடியாது. ஒரே மனிதரை இரண்டு இடங்களில் கேட்டதே அவர் முறையின் உயிர்நாடி. ஒரு கிராமத்தை வைத்து என்ன பொதுமைப்படுத்த முடியும் என்ற ஆட்சேபம் நியாயமானது. நெல்வயல் மலாய்க்காரரின் நிலை தோட்டத் தமிழரின் நிலையும் அன்று. செடாக்காவில் வீடு அவரவர் கையில் இருந்தது, லயத்தில் அதுவும் இல்லை. ஆனால் ஸ்காட்டிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது விகிதாசாரக் கணக்கை அல்ல. கேட்பவர் மாறினால் பதில் மாறும் என்ற ஒரு பொறிமுறையை அவர் காட்டினார். சொந்த வீட்டில் வாழ்கிறவர்களிடமே அந்த இடைவெளி அவ்வளவு பெரிதென்றால், லயத்தில் அது சிறிதாக இருந்திருக்கும் என்று எண்ணக் காரணமில்லை.

இடைப்பட்ட காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே தங்கிச் செய்த ஆய்வுகளும் வந்தன. ரவீந்திர ஜெயின் 1960களின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில் வாழ்ந்து எழுதிய நூல் 1970இல் வெளிவந்தது. பால் வீபே, மாரியப்பன் இருவரின் நூல் 1978இல் வந்தது. இவை துரையின் பார்வையைவிட்டு லயத்தின் பார்வைக்கு நகர்ந்த பெரிய முன்னேற்றங்கள். ஆனால் பின்னால் பெருகிய ஆய்வுகளில் வினாத்தாள் முறை மேலோங்கியது. அதற்காக வாதிடுகிறவர்கள் சொல்வதிலும் வலு உண்டு. தங்கி ஆய்பவர் தன்னோடு நெருங்கியவர்களின் குரலையே கேட்பார். ஆயிரம் பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டால்தான் விகிதாசாரம் தெரியும், கொள்கை வகுக்கவும் முடியும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எண்ணிக்கை பெருகினால் தற்செயல் பிழை குறையுமே தவிர, எல்லோரிடமும் ஒரே திசையில் சாயும் பிழை குறையாது. ஆய்வில் பங்கேற்பவர், ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து அதற்கேற்ப நடந்துகொள்வதை மார்ட்டின் ஓர்ன் 1962இல் எடுத்துக்காட்டினார். அதுவும் அதிகாரம் பெரிதாக இல்லாத அமெரிக்க ஆய்வகத்தில். 1959இலேயே டொனால்ட் கேம்ப்பெல், டொனால்ட் ஃபிஸ்க் இருவரும் ஒரு பண்பை ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளால் அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது என்று வாதிட்டிருந்தார்கள். எண்ணிக்கையும் வேண்டும், இரண்டாவது முறையும் வேண்டும். முதலாவது மட்டும் கிடைத்து இரண்டாவது விடுபட்டுப்போனதே நடந்த குறை.

இது பழங்கதை அன்று. கெடாவின் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில வீட்டுமனைகளாயின. லயத்துக் குடும்பங்கள் சுங்கை பட்டாணி போன்ற நகர்ப்புறத்துத் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்ககங்களுக்கும் குடிபெயர்ந்தன. இன்று அவர்களைப் பற்றிப் பணிவு என்ற சொல் அதிகம் வருவதில்லை. அதன் இடத்தில் 'பெற்றோரின் அக்கறையின்மை' வந்திருக்கிறது: பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் தோட்டப்புறப் பெற்றோருக்குக் கவலையில்லை என்பது கூட்டங்களில் தயக்கமின்றிச் சொல்லப்படும் கூற்று. அதற்குக் காட்டப்படும் அடையாளங்களைப் பாருங்கள்: பள்ளிக் கூட்டத்துக்கு வராமை, ஆசிரியரிடம் கேள்வி கேட்காமை, படிவத்தை நிரப்பாமை. மூன்றுமே பள்ளி அளந்தவை. பள்ளி வளாகத்தில், பள்ளிக்கு வசதியான நேரத்தில், படித்தவர் முன்னிலையில் அளந்தவை. விடிவதற்குள் பால்மரம் வெட்டக் கிளம்பியவரும், தொழிற்சாலையில் இரவு முறை முடித்து வந்து படுத்தவரும், எழுதப் படிக்கத் தெரியாத கூச்சத்தால் ஆசிரியர் எதிரில் வாய் திறக்காதவரும் இந்த அளவுகோலில் ஒரே மதிப்பெண்தான் பெறுவார்கள். உண்மையிலேயே கவலையற்றவரும் அதையே பெறுவார். அக்கறையற்ற பெற்றோரே இல்லை என்று நான் வாதிடவில்லை. அவர்களை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்ட முடியாத கருவியைக் கொண்டு ஒரு சமூகத்தின் மீது தீர்ப்பெழுதக் கூடாது என்கிறேன்.

இதைச் சோதிக்க அதிகச் செலவாகாது. பீடோங்கிலேயே ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் அங்கேயும் உண்டு. ஒரே குடும்பங்களைத் தேர்ந்து, பாதிப் பேரிடம் முதலில் பள்ளியில் ஆசிரியர் வழியாகவும் பிறகு வீட்டில் உறவுமுறை சொல்லிப் பழகும் ஒருவர் வழியாகவும் கேட்கலாம். மறுபாதியிடம் வரிசையை மாற்றலாம். யார் எந்தப் பாதி என்பதைக் குலுக்கலில் தீர்மானிக்கலாம். ஃபிளெட்சரைப் போலன்றி, கேட்கும் முன் அவர்களுடைய சம்மதத்தைப் பெறலாம். கூடவே டியூஷனுக்குக் கட்டிய பணம், வாங்கிய புத்தகம், பிள்ளைக்காக விட்டுக்கொடுத்த ஓவர்டைம் போன்ற, கேள்விக்குப் பதிலாக வராத தடயங்களையும் குறித்துக்கொள்ளலாம். மூன்றுமே அக்கறையின்மையைக் காட்டினால் அந்தக் கூற்று நிலைபெறும். நானும் அதை ஏற்பேன். பள்ளியில் ஒன்றும் வீட்டில் வேறொன்றுமாக வந்தால், அந்த இடைவெளி எந்தக் குடும்பங்களில் பெரிது, எந்தப் பள்ளிகளில் சிறிது என்று தேடுவதே அடுத்த ஆய்வின் வேலையாக இருக்கும்.