பல் மருத்துவக் கல்வியில் ஆசிரியர் உருவாக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று உள்ளது. இத்தகைய கல்லூரிகளின் இந்திய வரலாறு 1920இல் கல்கத்தாவில் தொடங்குகிறது. அமெரிக்காவின் அயோவாவில் பயின்று திரும்பிய ரபியுதீன் அகமது அவ்வாண்டு நாட்டின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். தாம் நடத்திய சோடா பானக் கடையின் வருவாயை அதற்குச் செலவிட்டார் என்பது சுவையான செய்தி. கற்பித்தலோடு அவர் அமையவில்லை. 1925இல் துறைசார் இதழ் தொடங்கினார். 1928இல் மாணவர்க்குக் கைந்நூல் எழுதினார். எழுத்தே அவருக்கு ஆசிரியப் பயிற்சியாயிற்று எனலாம்.

பின்னாளில் முதுநிலைப் பட்டமே ஆசிரியத் தகுதியாகக் கொள்ளப்பட்டது. பல்லைச் செப்பனிடும் திறனும் அதனைப் பிறர்க்கு உணர்த்தும் திறனும் ஒன்றெனக் கருதியது பிழையே. நன்னூற் பாயிரம் ஆசிரியர் இலக்கணத்தையும் பாடஞ்சொல்லும் முறையையும் தனித்தனியே வகுத்திருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. மருத்துவ ஆசிரியர்க்கான தேசியப் பயிற்சி மையம் புதுவை ஜிப்மரில் அமைந்தது 1975இல். கல்கத்தாக் கல்லூரிக்கு அப்போது வயது 55.