செரெண்டிபிட்டி: ஒரு சொல்லின் வரலாறும் வழக்கும்

செரெண்டிபிட்டி என்பது, பிறந்த நாள் துல்லியமாகத் தெரிந்த மிகச் சில ஆங்கிலப் பெயர்ச்சொற்களுள் ஒன்று. எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754 சனவரி 28 அன்று, புளோரன்சு நகரில் பிரித்தானியத் தூதராக இருந்த நண்பர் ஹொரேஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் இதை உருவாக்கினார். பியாங்கா கப்பெல்லோ என்ற 16ஆம் நூற்றாண்டுச் சீமாட்டியின் ஓவியத்தை மான் அவருக்கு அனுப்பியிருந்தார். பின்னர் பழைய வெனிசு நூலொன்றில் அவளது குலச்சின்னம் பற்றிய குறிப்பு வால்போலின் கண்ணில் பட்டது. இவ்வகைக் கண்டுபிடிப்புக்கு அவர் இட்ட பெயரே இது.

சொல்லின் வேர் இலங்கையில் உள்ளது. அரபு, பாரசீக வணிகர்கள் அத்தீவைச் சரந்தீப் என்றழைத்தனர். சரந்தீப் இளவரசர் மூவரின் கதை 1557இல் வெனிசில் இத்தாலிய மொழியில் அச்சானது. அவர்கள் தேடாத பொருள்களைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டறிந்தனர் என்பது வால்போலின் விளக்கம். சாலையின் இடப்புறத்துப் புல் மட்டமானது. ஆனால் அதுவே மேயப்பட்டிருந்தது. எனவே அவ்வழியே சென்ற கோவேறு கழுதைக்கு வலக்கண் தெரியாது என்று ஓர் இளவரசன் ஊகித்ததை அவர் எடுத்துக்காட்டினார். (மூலக்கதையில் அது ஒட்டகம்.) உண்மையில் இது தற்செயலைவிடத் துப்பறிதலுக்கே நெருக்கமானது.

மானுக்கு எழுதிய கடிதங்கள் 1833இல்தான் அச்சேறின. அதன்பின்னும் சொல் நெடுங்காலம் உறங்கியது. அமெரிக்க உடலியங்கியலாளர் வால்டர் கேனன் 1945இல் வெளியிட்ட நூலில் இதற்கென ஓர் இயலே ஒதுக்கினார். அறிவியலாளர்களிடையே சொல் பரவியது.

பரவலோடு பொருளும் தேய்ந்தது. இன்றைய அகராதிகள் 'இனிய தற்செயல்' என்பதையும் ஏற்கின்றன. எனினும் கூர்மதி என்ற பாதியை விட்டுவிட்டால், அதிர்ஷ்டம் என்ற சொல்லே போதும், இச்சொல் எதற்கு? லாட்டரியில் பரிசு விழுவதை இதனால் குறிப்பது பொருந்தாது: சீட்டு வாங்கியவர் பரிசைத்தான் எதிர்பார்த்தார், அறிவுக்கும் அங்கே வேலையில்லை. தொலைந்த சாவி கிடைப்பதும் அப்படியே. சாவியைத் தேடும்போது அகப்பட்ட பழைய உறையின் அஞ்சல் முத்திரையைக் கொண்டு குடும்பம் ஊர் மாறிய ஆண்டை ஒருவர் கண்டறிந்தால், அங்கே இச்சொல் சரியாக அமரும். 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங்கின் கிண்ணத்தில் பூஞ்சை விழுந்தது தற்செயல். அதைச் சுற்றிப் பாக்டீரியா அழிந்திருந்ததைக் கவனித்து, காரணத்தை ஆராய்ந்ததே மறுபாதி.

எழுத்தில் இது பெரும்பாலும் எண்ணிக்கையற்ற பெயராகவே வரும். பன்மை வடிவம் அரிது. 'எதிர்பாராத' என்ற அடைமொழியை இதன்முன் சேர்ப்பது கூறியது கூறல். இதன் பெயரடையான செரெண்டிபிட்டஸ் 20ஆம் நூற்றாண்டில்தான் வழக்குக்கு வந்தது.