பெட்டியிலிருந்து உடலுக்கு

சுங்கம் என்பது நெடுங்காலம் பொதியைப் பற்றிய விவகாரமாகவே இருந்தது. முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று போற்றியபோது தவிர்க்கப்பட்டது சரக்கின் மேல் விழுந்த வரி. அவன் காலத்துக் கல்வெட்டுகள் ஸ்ரீரங்கம் கோயிலில் இன்றும் உண்டு. அங்கிருந்து காவிரியைக் கடந்து தெற்கே போனால் திருச்சி விமான நிலையம். அங்கே சுங்கத்துறையின் சோதனை பொதியைத் தாண்டி மனித உடலுக்குள் போய்விட்டது. இதற்கு வழிதிறந்தது எக்ஸ்ரே. 1895இல் ராண்ட்கன் அதைக் கண்டுபிடித்த இரண்டே ஆண்டுகளில் பாரிஸ் சுங்க அதிகாரிகள் மூட்டைகளை அதில் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் பெட்டிக்கு உள்ள நியாயம் உடலுக்குப் பொருந்தாது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இதை உணர்ந்து உடலைச் சுற்றி ஒரு வேலி போட்டிருந்தது. 2019இல் வந்த திருத்தம் அந்த வேலியைத் தாழ்த்திவிட்டது என்பதே என் கவலை.

கருவி காட்டுவது நிழலைத்தான். திருவெறும்பூர் பெல் ஆலையில் கொதிகலன் குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இது அன்றாடப் பாடம். ஃபிலிமில் கரும்புள்ளி தெரிந்தால் அது உள்ளே சிக்கிய காற்றா, கசடா, ஃபிலிமிலேயே விழுந்த கறையா என்பதைப் பழகிய கண்தான் சொல்ல வேண்டும். விமான நிலையத் திரையில் துணியும் உணவும் ஆரஞ்சு, இரும்பு நீலம், கதிர் ஊடுருவ முடியாத அடர்பொருள் கறுப்பு. கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம் எடையுள்ள தங்கம் அந்தக் கறுப்பில்தான் அகப்படும். அதனால் மிக்ஸி மோட்டார், இஸ்திரிப் பெட்டி என்று உலோகம் இருந்தே தீரவேண்டிய இடமாகப் பார்த்து ஒளித்தார்கள். அதுவும் பிடிபடவே, தங்கத்தைப் பசையாக்கி உறையில் அடைத்து மலக்குடலில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இறக்குமதி வரி 2013இல் 10 சதவீதம், 2022 ஜூலையில் 15 சதவீதம் என ஏறிய காலம் அது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் விமானங்களில் இப்படிக் கொண்டுவந்து இறங்கும் 'குருவி'கள் எனப்படுவோரில் பலர் கூலிக்குச் சுமப்பவர்கள். தங்கம் அவர்களுடையதல்ல.

துறைமுகத்தில் ஒரு கன்டெய்னரைத் தவறாகச் சந்தேகித்தால், பிரித்துப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். போவது சில மணி நேரம். உடலை அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது. சட்டத்தின் 103ஆம் பிரிவு அதனால்தான் படிப்படியாக நடந்தது. சந்தேகப்பட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். முகாந்திரம் இல்லையென்றால் அவர் உடனே விடுவிப்பார். இருந்தால் மட்டுமே எக்ஸ்ரேவுக்கு உத்தரவு. படம் எடுப்பவர் தகுதிபெற்ற கதிரியல் மருத்துவர். பெண்ணின் உடலிலிருந்து பொருளை வெளியே எடுப்பதாக இருந்தால் பெண் மருத்துவர்தான் மேற்பார்வையிட வேண்டும். 2019 திருத்தம் இதற்கு ஒரு குறுக்குவழி தந்தது: துணை ஆணையர் அல்லது உதவி ஆணையரின் முன் அனுமதியோடு, பயணியின் சம்மதம் முதலான உரிமைகளுக்குக் குறைவில்லாமல், விமான நிலையத்திலேயே ஸ்கேன் செய்யலாம்.

நள்ளிரவில் மாஜிஸ்திரேட்டை எங்கே தேடுவது, நிரபராதியும் விரைவில் வீடு போகலாமே என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மணிக்கணக்கில் காக்கவைப்பதும் தண்டனைதான். கடத்துபவனுக்கு என்ன அந்தரங்கம் என்ற கேள்வியைத்தான் ஏற்க முடியவில்லை. ஸ்கேன் செய்யும் நேரத்தில் பயணி கடத்தல்காரர் அல்ல, சந்தேகத்துக்கு உள்ளானவர் மட்டுமே. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட அதிகாரி எதிரில் உட்கார்ந்திருக்க, ஒரு கூலித் தொழிலாளி தலையாட்டுவதைச் சம்மதம் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் படிவம் வேண்டும், மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பொருள் உள்ளே இருப்பதாகத் தெரிந்தால்தான் ஸ்கேன் அறிக்கையை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது திருத்தம். ஒன்றும் அகப்படாத ஸ்கேன்களை அனுப்பச் சொல்லவில்லை. சந்தேகம் எத்தனை முறை பொய்த்தது என்று நீதிமன்றம் அறிய வேண்டுமானால் அந்த அறிக்கைகளும் அதே மேசைக்குப் போக வேண்டும்.