பேச்சு மருந்தான வரலாறு: உளப்பகுப்பாய்வு முறையின் தோற்றம்

உடலில் குறை எதுவும் காணப்படாதபோதும் கைகால் செயலிழத்தல், பார்வை மங்குதல், பேச்சு அடைபடுதல் போன்ற குறிகள் தோன்றும் இசிவு நோய், பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்க்குப் பெரும் புதிராக இருந்தது. அப்புதிரை விடுவிக்கும் முயற்சியிலேயே உளப்பகுப்பாய்வு பிறந்தது. மருத்துவர் பேச நோயாளி கேட்ட நிலை மாறி, நோயாளி பேச மருத்துவர் கேட்கும் நிலை உருவானதே அம்முறையின் அடிப்படை என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. தாய்மொழியை இழந்த நோயாளி

வியன்னா மருத்துவர் ஜோசப் பிராயர், பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் இளம்பெண்ணுக்கு 1880 முதல் 1882 வரை மருத்துவம் செய்தார். நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்கையில் தாமும் நோயுற்ற அப்பெண், ஒரு கட்டத்தில் தாய்மொழியாகிய ஜெர்மனை இழந்து ஆங்கிலம் மட்டுமே பேசினார். ஒவ்வொரு நோய்க்குறியும் முதன்முதல் தோன்றிய நிகழ்ச்சியை அவர் அறிதுயில் நிலையில் எடுத்துரைக்க, அக்குறி நீங்கியதாகப் பிராயர் பதிவு செய்தார். இம்முறைக்கு 'டாக்கிங் க்யூர்', அதாவது பேச்சு மருத்துவம், என்று ஆங்கிலத்தில் பெயரிட்டவரும் அந்நோயாளியே.

பிராயரும் சிக்மண்டு ஃபிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் இவர் 'அன்னா ஓ.' என்று குறிக்கப்பட்டார். ஆயினும் 1882 ஜூலையில் இவர் சுவிட்சர்லாந்திலுள்ள ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை எலன்பெர்கர் 1972இல் ஆவணங்களால் நிறுவினார். முதற்சான்றாகக் காட்டப்பட்ட மருத்துவம் முழு வெற்றி பெறவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. பின்னாளில் நலம்பெற்ற பாப்பன்ஹைம், 1904இல் ஜெர்மனியின் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார்.

2. ஆணையிடுதலும் செவிமடுத்தலும்

தொடக்கத்தில் ஃபிராய்டும் நோயாளியை அறிதுயிலில் ஆழ்த்தி, நோய் நீங்குமாறு ஆணையிட்டார். எல்லாரையும் அவ்வாறு ஆழ்த்த இயலவில்லை. கிடைத்த பயனும் நிலைக்கவில்லை. 'எம்மி' என்று நூலில் குறிக்கப்படும் நோயாளி, இடையறாது வினவுவதை விடுத்துத் தாம் சொல்வதைக் கேட்குமாறு அவரிடம் வற்புறுத்தினார். இத்தகைய பட்டறிவின் வழியே தடையிலாச் சொல்லோட்டம் என்னும் உத்தி உருப்பெற்றது. நாணம் தருவது, பொருளற்றது, தொடர்பற்றது என்று எதையும் விலக்காமல், மனத்தில் தோன்றுவதைத் தோன்றியவாறே கூறுவது நோயாளியின் கடமையாயிற்று. எதையும் முன்கூட்டித் தேர்ந்துகொள்ளாமல் கேட்பது மருத்துவரின் கடமை என 1912இல் ஃபிராய்டு வரையறுத்தார். நோயாளி சாய்ந்திருக்கும் படுக்கை மட்டும் அறிதுயில் காலத்தின் எச்சமாக நின்றது.

பேச்சு தடைப்படும் இடம் 'எதிர்ப்பு' எனப்பட்டது. பழைய உறவுகளின் அன்பையும் பகையையும் மருத்துவர்மேல் ஏற்றிக்கொள்வது 'உணர்வுப் பெயர்ச்சி' எனப்பட்டது. 'டோரா' என்று குறிக்கப்படும் பெண் மூன்று மாதம் நிறைவதற்குள் மருத்துவத்தை விட்டு நீங்கியதற்கு, இப்பெயர்ச்சியைத் தாம் உரிய காலத்தில் உணராததே காரணம் என 1905இல் ஃபிராய்டு எழுதினார்.

3. நாப்பிறழ்ச்சியும் இருவகை விளக்கமும்

இங்கு மொழியியலுக்கு நேரடித் தொடர்பு உண்டு. மொழியியலறிஞர் ருடால்ஃப் மெரிங்கர், கார்ல் மாயருடன் இணைந்து 1895இல் நாப்பிறழ்ச்சிகளின் தொகுப்பொன்றை வெளியிட்டார். ஆஸ்திரிய நாடாளுமன்றத் தலைவர் ஒருவர் கூட்டத்தைத் தொடங்கிவைக்கையில், அது முடிவுற்றதாக அறிவித்த நிகழ்ச்சியையும் மெரிங்கர் பதிவு செய்துள்ளார். எதிர்ச்சொற்கள் மனத்தில் அருகருகே அமைந்திருப்பதே காரணம் என்றார் அவர். கூட்டம் முடியவேண்டும் என்னும் உள்விருப்பமே காரணம் என்றார் ஃபிராய்டு. இவற்றுள் முன்னது அச்சொல் வந்த வழியைக் கூறுகிறது. பின்னது அது அவ்வேளையில் வந்ததன் நோக்கத்தைக் கூறுகிறது. முன்னதைப் பல பிறழ்ச்சிகளை ஒப்பிட்டுச் சோதிக்கலாம். பின்னதற்கோ, பேசியவரின் அடுத்தடுத்த பேச்சன்றி வேறு சான்று கிடைப்பது அரிது.

உளப்பகுப்பாய்வின் வலிமையும் குறையும் இங்கேயே உள்ளன. நோயாளியின் சொல்லைச் சான்றாக ஏற்ற இம்முறை, அச்சொல்லின் பொருளை முடிவு செய்யும் உரிமையை மருத்துவரிடமே விட்டுவைத்தது. நோயாளி மறுத்தால், அம்மறுப்பையும் 'எதிர்ப்பு' எனக் கொள்ள இடமுண்டு. ஆகவே, இம்முறையின் எந்த விளக்கத்தையும் மதிப்பிட முற்படுவோர், மருத்துவரின் கூற்றுக்கு முன்னரும் பின்னரும் நோயாளி தம் சொற்களில் கூறியது யாது என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.