யுத்தச் செய்தியும் எங்கட நம்பிக்கையும்

2006 ஜூலையில் புலிகள் மாவிலாற்று அணையை மூடினார்கள். அதைத் திறக்கப் போன படைநடவடிக்கைக்கு அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயர் வைத்தது. அரச ஊடகங்கள் அதையே ஒப்புவித்தன. ஆகஸ்ட்டில் மூதூர் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்க்கு அகதிகளாக நடந்தார்கள்.

கல்கிசையில் எங்கட வாப்பா அரச செய்தியைக் கேட்டுட்டு, "இப்ப தமிழோசையப் போடு மகன்" என்பார். புலிகளின் குரலையும் நம்பினவரில்லை. 1990இல் வடக்கு முஸ்லிம்களை விரட்டினதை அவர் மறக்கல்ல.

மிக்-27 விமானக் கொள்வனவைக் கிளறிய சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, 2009 ஜனவரி 8இல் எங்கட அயலான அத்திடியவில் தாக்கிக் கொல்லப்பட்டார். வழக்கு கல்கிசை நீதவான் நீதிமன்றத்தில் தவணை தவணையாக இழுபட்டது. அடுத்த மாதமே, குறுக்கீடு என்று சொல்லி, பிபிசி தன் நிகழ்ச்சிகளை இலங்கை வானொலிக்குக் கொடுப்பதை நிறுத்தியது.

பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்றது அரசு. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது 2011இல் ஐ.நா. நிபுணர் குழு.